அதிகாரிப் பயிற்சியில் லீவு: எப்போது கிடைக்கும், எப்படிக் கேட்பது, எதனால் பறிபோகும்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானவருக்கு வாழ்த்துச் சொல்லி முடித்ததும் வீட்டில் வரும் அடுத்த கேள்வி, "லீவு எப்ப விடுவாங்க?" என்பதுதான். பாவம், அவருக்கும் தெரியாது. சேரும் உத்தரவில் எத்தனை ஜோடி சாக்ஸ் எடுத்துவர வேண்டும் என்பது வரை எழுதியிருக்கும். எந்தத் தேதியில் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும் இருக்காது.

விதிகள் நாட்டுக்கு நாடு, அகாடமிக்கு அகாடமி மாறும். ஆனால் அடிப்படை ஏற்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வேலைக்குப் போகிறவர் லீவு எடுக்கிறார். பயிற்சியில் இருப்பவருக்கு லீவு விடுகிறார்கள், பள்ளிக்கூடம் மாதிரி. நாள் குறிப்பது பயிற்சி அட்டவணை. கேடட்டின் கையில் இருப்பது இரண்டே வேலை: வரப்போகும் லீவை முன்கூட்டியே கணிப்பது, வந்த லீவைக் கோட்டைவிடாமல் இருப்பது. இந்தியா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நடைமுறைகளை உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் பயிற்சி எவ்வளவு நீளம்?

லீவைத் தீர்மானிக்கும் முதல் விஷயம் பயிற்சியின் நீளம். மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கணக்கில் நடப்பவை ஒரு வகை. கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் (என்டிஏ) 3 ஆண்டு, 6 டெர்ம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் 4 ஆண்டு. இவை ஒரு பக்கம் கல்லூரி, மறுபக்கம் படை. அதனால் கல்லூரி போலவே டெர்ம் முடிந்ததும் நீண்ட விடுமுறை வரும். என்டிஏ-வில் ஆண்டுக்கு இரண்டு டெர்ம் என்பதால், ஆண்டின் நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு பெரிய இடைவெளிகள் கிடைக்கும்.

ஓராண்டை ஒட்டியவை அடுத்த வகை. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் வழக்கமான அதிகாரிப் பயிற்சி 44 வாரம். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம். டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில், பட்டதாரிகளுக்கான சிடிஎஸ் (முப்படை அதிகாரிகள் தேர்வு) எழுதி நேரடியாகச் சேருகிறவர்களுக்கு 18 மாதம். இங்கெல்லாம் டெர்ம்களுக்கு நடுவே வரும் பிரேக்தான் முக்கியமான லீவு. சாண்ட்ஹர்ஸ்ட்டில் தலா 14 வாரத்தை ஒட்டிய மூன்று டெர்ம்கள்; புதிய அணிகள் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் சேர்கின்றன. இந்த ஒரு தகவலை வைத்தே எந்த மாதத்தில் வீட்டுக்கு வர வாய்ப்பு என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, குறுகிய பயிற்சிகள். அமெரிக்கத் தரைப்படையின் ஓசிஎஸ் (அதிகாரிப் பயிற்சிப் பள்ளி) 12 வாரம், மரைன் படையின் ஓசிஎஸ் 10 வாரம். இவற்றில் லீவு என்று தனியாக ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். வார இறுதியில் சில மணி நேரம் வெளியே விடுவார்கள், அவ்வளவுதான். ஒரே விதிவிலக்கு டிசம்பர் கடைசி. அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சி முகாம்கள் அப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் ஓய்ந்துவிடும். பயிற்சி அந்தத் தேதிகளில் குறுக்கிட்டால் நடுவில் ஊருக்குப் போய்வரும் வாய்ப்பு உண்டு, பயிற்சி முடியும் தேதியும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

படி 2: வெளியே விடுவதில் உள்ள வகைகள்

லீவு என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அகாடமிக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி விதி. குழப்பிக்கொண்டால் வீட்டில் தவறான நம்பிக்கை கொடுத்துவிடுவீர்கள்.

லிபர்ட்டி அல்லது அவுட் பாஸ் என்பது சில மணி நேரம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை போய் மாலை குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எல்லை இருக்கும். சிங்கப்பூரில் இதையே 'புக் அவுட்' என்கிறார்கள். நாடு சிறியது, வீடு பக்கம். வார இறுதியில் வீட்டில் தூங்கி ஞாயிறு இரவு 'புக் இன்' செய்துவிடலாம். பல மாநிலங்கள் தாண்டி வந்த ஒருவருக்கு அதே ஞாயிறு என்பது பக்கத்து நகரத்தில் முடிவெட்டி, பொருள் வாங்கி, போனில் நிம்மதியாகப் பேசிவிட்டு வரும் நாள் மட்டுமே.

டெர்ம் பிரேக் அல்லது மொத்த விடுமுறை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுவது. தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தேதியை மாற்றவும் முடியாது.

அவசர விடுப்பு என்பது குடும்பத்தில் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய் போன்றவற்றுக்கு. இதைப் பற்றித் தனியாகக் கீழே.

மருத்துவ விடுப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. அது ஓய்வு நாளாகத் தெரியும், ஆனால் பயிற்சிக் கணக்கில் 'இழந்த நாள்' என்றே பதிவாகும். அதன் விளைவைப் படி 6-இல் பாருங்கள்.

படி 3: முதல் வாரங்களில் கதவு மூடியிருக்கும்

எந்த அகாடமியாக இருந்தாலும் தொடக்க வாரங்களில் வெளியே விடமாட்டார்கள். சாண்ட்ஹர்ஸ்ட்டில் முதல் 5 வாரம் இப்படித்தான். சிங்கப்பூரில் அடிப்படைப் பயிற்சியின் தொடக்கத்திலும் வெளியே விடாத காலம் ஒன்று உண்டு. போனை வாங்கி வைத்துக்கொள்வதும் பல இடங்களில் வழக்கம்.

இதைத் தண்டனையாக நினைக்கத் தேவையில்லை. தூங்கும் நேரம், நடை, பேச்சு, படுக்கையை மடிக்கும் விதம் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் காலம் அது. நடுவில் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டாரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: "முதல் ஒன்றரை மாதம் என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்." அம்மாக்களுக்கு இது ஆறுதலாக இருக்காது, ஆனாலும் சொல்லி வைப்பது நல்லது.

கதவு திறப்பதற்கும் சில இடங்களில் ஒரு தேர்வு உண்டு. இந்திய அகாடமிகளில் டிரில் ஸ்கொயர் டெஸ்ட் என்று ஒன்று நடக்கும். நடை, திரும்புதல், சல்யூட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் லிபர்ட்டி. தேறாதவர், தன்னோடு சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். லீவுக்காகச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே டிரில்லில் கவனம் வைப்பது என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறு காலை நேராக கேட்டுக்குப் போய்விட முடியாது. சிவில் உடையில்தான் போவீர்கள், ஆனால் அதற்கும் விதி உண்டு: இஸ்திரி போட்ட சட்டை, சரியான பேன்ட், பாலிஷ் செய்த ஷூ, சில இடங்களில் டை, பிளேசர். வரிசையில் நிற்க வேண்டும். சீனியர் ஒருவர் முகச்சவரத்தைப் பார்ப்பார், காதுக்குப் பின்னால் முடி வெட்டியிருப்பதைப் பார்ப்பார், குனிந்து ஷூவின் குதிகால் பக்கம் பாலிஷ் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். முன்பக்கம் மட்டும் பளபளக்கும் ஷூவோடு வந்தவர் அங்கிருந்தே பாரக்குக்குத் திரும்புவார். அப்புறம் ரிஜிஸ்டரில் பெயர், நம்பர், போகும் நேரம், கையெழுத்து. திரும்பியதும் அதே வரியில் வந்த நேரம். அந்த வரியில் இரண்டாவது கையெழுத்து தாமதமானால் அடுத்த ஞாயிறு போச்சு.

படி 4: லீவுக் கணக்கு எப்படி ஓடுகிறது

இதை ஊன்றிப் படியுங்கள், பலர் தடுமாறுவது இங்கேதான்.

முதல் கேள்வி: பயிற்சியில் இருக்கும்போது உங்கள் பெயரில் லீவு சேருகிறதா? இந்தியாவில் பணியில் உள்ள ராணுவ அதிகாரிக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 20 நாள் தற்செயல் விடுப்பு. இதைக் கேள்விப்பட்டு, அகாடமியிலும் இதே 80 நாள் கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிடைக்காது. கேடட் இன்னும் அதிகாரி ஆகவில்லை. அவருக்கு டெர்ம் பிரேக்தான். வெஸ்ட் பாயின்ட், கடற்படை அகாடமி இருக்கும் அன்னாபொலிஸ் போன்ற அமெரிக்க அகாடமிகளிலும் அப்படியே. படையினருக்கு லீவு சேரும் சட்டப்பிரிவு அகாடமி கேடட்டுகளுக்குப் பொருந்தாது.

அமெரிக்க ஓசிஎஸ்-இல் இருப்பவரின் நிலை வேறு. அவர் ஏற்கெனவே படைவீரராகச் சேர்ந்துவிட்டதால் மாதத்துக்கு 2.5 நாள், ஆண்டுக்கு 30 நாள் என்று கணக்கு ஏறும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 10 வார அடிப்படைப் பயிற்சியும் 12 வார ஓசிஎஸ்ஸும் முடிக்கிறார். மொத்தம் 22 வாரம், அதாவது ஏறத்தாழ 5 மாதம். சேர்ந்திருப்பது 12 நாளை ஒட்டி. நடுவில் டிசம்பர் விடுமுறையில் 14 நாள் வீட்டுக்குப் போய்வந்திருந்தால் கணக்கு மைனஸில்! அதை முன்கடன் விடுப்பாகக் கொடுப்பார்கள். பிறகு சேரும் நாட்களில் கழித்துக்கொள்வார்கள். மைனஸ் கணக்கோடு படையை விட்டு விலகினால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். விருப்பமில்லாதவர் டிசம்பரில் முகாமிலேயே தங்கி லீவைச் சேமிக்கலாம். அந்த இரண்டு வாரம் பயிற்சி நடக்காது. சின்னச் சின்ன வேலைகளும் காவல் பணியும் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி: சனி, ஞாயிறு கணக்கில் சேருமா? அமெரிக்காவில் லீவுக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறும் லீவாகவே கழியும். பிரிட்டன் படையில் ஆண்டுக்கு 30 வேலைநாள் லீவு. வார இறுதி கழியாது, பொது விடுமுறைகளும் தனி. இரண்டு நாட்டிலும் '30' என்ற அதே எண்தான் எழுதியிருக்கும், ஆனால் வீட்டில் இருக்கும் நாட்கள் வெகுவாக மாறும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 14 நாள். எண்ணிக்கை உங்களுடையது, ஆனால் அங்குள்ள அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் (அதுவும் ஓசிஎஸ்தான்) இருக்கும் வரை எப்போது எடுக்கலாம் என்பது பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் கையில்.

லிபர்ட்டி, வார இறுதி பாஸ் ஆகியவை எங்கும் பொதுவாகக் கணக்கில் கழியாது.

படி 5: அட்டவணையை வாசித்து வீட்டுக்குச் சொல்லுங்கள்

உள்ளே போனதும் டெர்ம் அட்டவணையைப் பலகையில் ஒட்டுவார்கள், அல்லது விளக்கக் கூட்டத்தில் காட்டுவார்கள். அதில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டெர்ம் முடியும் நாள், அடுத்த டெர்முக்குத் திரும்பி வந்து ஆஜராக வேண்டிய நாள், டெர்மின் கடைசிப் பெரிய களப்பயிற்சி. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. வானிலை காரணமாகக் களப்பயிற்சி தள்ளிப்போனால் லீவும் ஒன்றிரண்டு நாள் சுருங்கும்.

வீட்டுக்குச் சொல்லும்போது ஒரே தேதியாகச் சொல்லாதீர்கள். "இந்த வாரத்துக்கும் அந்த வாரத்துக்கும் நடுவில்" என்று சொல்லுங்கள். அக்கா கல்யாணம், தம்பி நிச்சயதார்த்தம் என்று எதையாவது உங்கள் லீவை நம்பி வைக்கிறார்கள் என்றால் பிரேக்கின் நடுப்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் உங்களுக்கே சொந்தமில்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. டிக்கெட்டும் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

அட்டவணைக்கு வெளியே, நெருங்கிய உறவினர் திருமணத்துக்கு லீவு கேட்கலாமா? கேட்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். டெர்ம் தொடங்கியதுமே, அழைப்பிதழோடு, ஒரே ஒரு முறை கேளுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் "இது உனக்கு முன்னாடியே தெரியாதா?" என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் இருக்காது. மத விழாக்களுக்கும் இதே முறைதான்.

படி 6: எதனால் லீவு பறிபோகும்

ஒழுங்கு மீறல் முதல் காரணம். இந்திய அகாடமிகளில் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்ற தண்டனை உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்கு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், குறித்த நேரங்களில் முழு உடுப்போடு போய் ஆஜராக வேண்டும். லிபர்ட்டி கிடையாது. பெரிய தவறு என்று எதுவும் தேவையில்லை. தாமதம், அழுக்குத் துப்பாக்கி, பூட்டாத அலமாரி போதும். சில சமயம் ஒருவர் செய்த தவறுக்கு அணி முழுக்க ஞாயிறை இழக்கும். அநியாயம் என்றுதான் தோன்றும், வாதாடிப் பயனில்லை. அடுத்த வாரம் அந்த அலமாரியைப் பக்கத்துப் படுக்கைக்காரரே பூட்டிவிடுவார். பயிற்றுநர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

தேர்வில் தவறுவது இரண்டாவது. உடல்தகுதி, நீச்சல், ஆயுதப் பயிற்சி, பாடத்தேர்வு என எதில் தவறினாலும் மறுதேர்வு உண்டு. அது பிரேக் தொடங்கும் நாட்களிலோ, மற்றவர்களுக்கு முன்பாகத் திரும்பிவந்தோ எழுதும்படி அமையலாம். நீச்சல் தெரியாதவர்கள் சேருவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இழந்த நாட்கள். காயம், நோய், விடுப்பு என எந்தக் காரணமானாலும், ஒரு டெர்மில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயிற்சி நாட்களை இழந்தால் கீழ் டெர்முக்கு இறக்கிவிடுவார்கள். இந்தியாவில் ரெலிகேஷன், அமெரிக்காவில் ரீசைக்கிள் என்று சொல்வார்கள். சாண்ட்ஹர்ஸ்ட்டில் காயமடைந்த கேடட்டுகள் குணமாகும் வரை இருப்பதற்கு லக்னோ பிளட்டூன் என்று தனி அணியே உண்டு. இதனால்தான் அனுபவசாலிகள் மருத்துவ விடுப்பைச் சந்தோஷமாகப் பார்ப்பதில்லை. அதற்காக வலியை மறைக்கவும் கூடாது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் தொடர்ந்து வலித்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றே சிக் ரிப்போர்ட் போடுங்கள், அதாவது உடம்பு சரியில்லை என்று அகாடமி மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். மறைத்து ஓடினால் சில வார ஓய்வில் தீர வேண்டியது ஒரு டெர்மையே விழுங்கிவிடும்.

படி 7: அவசர விடுப்பு

நல்ல வேளையாக, எந்தப் படையும் இதில் கல்நெஞ்சோடு நடந்துகொள்வதில்லை. ஆனால் முறை தெரிந்திருக்க வேண்டும், அதுவும் உங்களைவிட உங்கள் வீட்டாருக்கு. ஏனென்றால் சம்பவம் நடக்கும் நேரத்தில் நீங்கள் போன் இல்லாமல் ஏதோ காட்டில் களப்பயிற்சியில் இருப்பீர்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஒரு தாள் எழுதி அனுப்புங்கள். அதில் உங்கள் முழுப் பெயர், கேடட் எண், கம்பெனி அல்லது ஸ்குவாட்ரன் பெயர், பிளட்டூன் எண், அகாடமியின் அலுவலக எண் இருக்கட்டும். "எங்க பையன் அங்க படிக்கிறான்" என்று அழைப்பவரின் தகவல், நூற்றுக்கணக்கான கேடட்டுகளுக்கு நடுவே சரியானவரைச் சேர நேரம் பிடிக்கும். கேடட் எண்ணோடு அழைத்தால் நேராகப் போய்ச் சேரும்.

தகவல் வந்ததும் அகாடமி சரிபார்க்கும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் குடும்பத்தார் செஞ்சிலுவைச் சங்கத்தை அழைப்பார்கள். அவர்கள் மருத்துவமனையிடம் உறுதிப்படுத்தி கமாண்டருக்குச் செய்தி அனுப்புவார்கள். பிரிட்டனில் இதற்கென்றே முப்படைக்கும் பொதுவான ஒரு மையம் உண்டு. மற்ற இடங்களில் அதிகாரி ஒருவரே வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ பேசுவார். மருத்துவமனையின் பெயர், வார்டு, சிகிச்சை தரும் மருத்துவரின் பெயர் ஆகியவற்றை வீட்டார் கையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிடலாம். நெருங்கிய குடும்பம் என்று விதிகள் சொல்வது பெரும்பாலும் பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். தாத்தா பாட்டி பல இடங்களில் அதில் வராது. உங்களை வளர்த்தது பாட்டிதான் என்றால், அமெரிக்க விதிகளில் பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவர் என்று கருத இடமுண்டு. மற்ற இடங்களிலும் அதிகாரிகள் இதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் சேரும்போது நிரப்பும் குடும்ப விவரப் படிவத்திலேயே இதை எழுதி வைத்திருந்தால், துக்க நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று: பொய்க் காரணம் சொல்லி அவசர விடுப்பு கேட்காதீர்கள். சரிபார்க்கும்போது வெளியே வந்துவிடும். அதிகாரிப் பயிற்சியில் மற்ற தவறுகளுக்குத் தண்டனை. பொய்க்கு வெளியேற்றம் வரை போகும்.

படி 8: படிவமும் பையும்

லீவுப் படிவம் ஒரு பக்கம்தான் இருக்கும். போகும் தேதி, திரும்பும் தேதி, லீவில் தங்கும் முகவரி, தொடர்பு எண், காரணம். இதில் முகவரியை அலட்சியமாக எழுதுகிறவர்கள் அதிகம். வீட்டு முகவரியை எழுதிவிட்டு நண்பர்களோடு வேறு ஊரில் இருந்தால், திடீரென்று திரும்ப அழைக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு இடத்தில் தங்குவதாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வெளிநாடு போவதானால் தனி அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும்; குறுகிய பிரேக்கில் அந்த யோசனையையே விட்டுவிடலாம்.

கிளம்பும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். களப்பயிற்சியில் பயன்படுத்திய பை, ஜாக்கெட், பவுச் எல்லாவற்றின் மூலைகளிலும் விரலை விட்டுப் பாருங்கள். பயிற்சிக்கான குண்டில்லாத தோட்டா ஒன்றோ, சுட்டபின் கிடந்த காலிக் கூடு ஒன்றோ சிக்கியிருந்தால் விமான நிலையச் சோதனையில் மணிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டும், அகாடமிக்கும் தகவல் போகும். பயிற்சிக் குறிப்புகள், வரைபடங்களும் வெளியே போகக் கூடாது. அடையாள அட்டை, லீவு அனுமதிச் சீட்டு இரண்டும் பையில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்கட்டும். பயணத்தில் சீருடை வேண்டாம்.

படி 9: வீட்டில் இருக்கும் நாட்கள்

முதல் மூன்று நாள் தூங்குங்கள். உண்மையாகவே அதுதான் அறிவுரை. டெர்ம் முழுக்கக் குறைத் தூக்கத்தில் ஓடிய உடம்புக்கு வேறெதுவும் அவ்வளவு நல்லது செய்யாது. அப்புறம் மெல்ல ஓட்டம், கொஞ்சம் தசைப் பயிற்சி. திரும்பிய முதல் வாரத்திலேயே உடல்தகுதித் தேர்வு வைப்பது பல அகாடமிகளின் பழக்கம். இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு கடைசி இரண்டு நாளில் வெறித்தனமாக ஓடுகிறவர்தான் காயத்தோடு திரும்புவார். புதிய பூட்ஸ் வாங்கியிருந்தால் வீட்டிலேயே போட்டு நடந்து பழக்குங்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. பச்சை குத்திக்கொள்ள வேண்டாம். இந்தியப் படைகளில் உடம்பில் எந்த இடத்தில் பச்சை இருக்கலாம் என்பதற்கே விதி உண்டு. கண்ணுக்கு லேசர் சிகிச்சை போன்ற எதையும் அகாடமி மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். தற்காப்புக் கலை, கால்பந்து, பைக் பயணம் மூன்றிலும் அடக்கி வாசியுங்கள். பயிற்சி இடங்களின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

கல்யாணம்! பிரேக்கில் வந்த பையனுக்குச் சட்டென்று முடித்துவிடலாம் என்று யோசிக்கும் குடும்பங்கள் உண்டு. இந்திய அகாடமிகளில் திருமணமாகாதவராகச் சேர்ந்த கேடட், பயிற்சி முடியும் வரை திருமணம் செய்ய முடியாது. செய்தால் வெளியேற்றப்படுவார்; அரசு அவருக்குச் செலவழித்த தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். யுபிஎஸ்சி அறிவிப்பிலேயே இது இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டுங்கள்.

படி 10: திரும்புவது

ஆஜராக வேண்டிய நேரம் மாலை 6 மணி என்றால் 6 மணிக்கு ரயில் நிலையத்தில் இறங்குவது என்று அர்த்தமில்லை. கேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு ரயிலோ விமானமோ ரத்தானாலும் அடுத்ததில் வந்து சேரும்படி திட்டமிடுங்கள். முந்தைய நாளே வந்துவிடுவது கூடுதல் நிம்மதி.

வழியில் சிக்கிக்கொண்டால், நேரம் கடப்பதற்கு முன்பே அழைத்துச் சொல்லுங்கள். பிறகு சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் வித்தியாசம் பெரிது. ரயில் தாமதம், விமானம் ரத்து என்பதற்கான அறிவிப்பை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். லீவில் உடம்பு சரியில்லாமல் போனால் பக்கத்து கிளினிக் சான்றிதழை மட்டும் நம்பாமல், அருகில் ராணுவ மருத்துவமனை இருந்தால் அங்கே போய்க் காட்டுங்கள்.

நாளைக்கு அதிகாரியான பிறகு இதன் எடை இன்னும் கூடும். 1950-ஆம் ஆண்டின் இந்திய ராணுவச் சட்டத்தில் 39-வது பிரிவு, அனுமதியில்லாமல் வராமலிருப்பதையும் போதிய காரணமின்றி லீவைத் தாண்டித் தங்குவதையும் ஒரே பிரிவில் குற்றமாக வைத்திருக்கிறது.

படி 11: பயிற்சி முடிந்ததும் வரும் லீவு

பாசிங் அவுட் பரேட் முடிந்து தோளில் நட்சத்திரம் ஏறியதும், யூனிட்டில் சேர்வதற்கு முன் பொதுவாக ஒரு லீவு கிடைக்கும். அமெரிக்க அகாடமிப் பட்டதாரிகளுக்கு 60 நாள் வரை கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது வேறெந்த லீவுக் கணக்கிலும் கழியாது, ஆனால் பட்டம் பெற்று 3 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். மற்ற நாடுகளில் நாட்கள் குறைவு, யூனிட்டுக்கும் அடுத்த பயிற்சிக்கும் ஏற்ப மாறும்.

தள்ளிப்போட்ட பல் சிகிச்சை, வங்கி வேலை, வீட்டார் காத்திருந்த விசேஷம் எல்லாவற்றையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். நாட்களை முழுவதுமாக நிரப்பிவிடும் முன், சேரப்போகும் யூனிட்டின் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியான அட்ஜுடன்ட்டுக்கு ஒரு கடிதமோ அழைப்போ போட்டு, இளம் அதிகாரிகளுக்கான கோர்ஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது லீவு முடிந்த மறுவாரமே இருக்கும். அப்படியானால் யூனிட்டில் பெட்டியை இறக்கிவைத்த கையோடு அடுத்த ரயில் ஏற வேண்டியிருக்கும்.